சிவப்பு முனை

சிவப்பு முனை உள்ளே போய்விட்டது. போகக் கூடாது. பச்சை முனை போக வேண்டும், சிவப்பு முனை வாயிலேயே நின்றுவிட வேண்டும், அவ்வளவுதான் இந்த வேலை. ஒரு சாண் கம்பிக்கு இரண்டு முனை, பஸ் பிரேக்குக்குள் போய் உட்காரப் போகிற எஃகு வளையத்தின் துளையில் அதை விட்டுப் பார்த்து, பச்சை நுழைந்து சிவப்பு நுழையாவிட்டால் நல்ல பீஸ், நீல டிரே. சிவப்பும் நுழைந்தால் துளை பெருத்துவிட்டது, சிவப்பு டிரே. எட்டாவதோடு நின்றுபோன அம்சவேணிக்கே அரை நாளில் பிடிபட்ட வேலை. இரண்டு முனைக்கும் உள்ள வித்தியாசம் தலைமுடியில் பத்தில் ஒரு பங்குகூட வராது என்று அவர் சொல்லியிருக்கிறார், கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத்தான் தெரியும். இப்போது விரலுக்குத் தெரிந்தது. எண்ணெய் தடவிய கையில் வளையல் ஏறுகிற மாதிரி, ஒரு மறுப்பும் சொல்லாமல் போய்விட்டது. உருவி மறுபடி விட்டாள். மறுபடியும் போனது. காலையிலிருந்து இது மூன்றாவது, மூன்றும் அவர் அரைத்த பீஸ். அவர் என்றால் நந்தகோபால், அவள் வீட்டுக்காரர், பத்தடி தள்ளி முதுகைக் காட்டிக்கொண்டு கிரைண்டிங் மிஷினில் நிற்கிறார். மூன்று வருஷம் டிரில்லிங்கில் நின்று கால் வீங்கினவருக்குப் போன மாதம்தான் இந்த மிஷினைக் கொடுத்தார்கள். கொடுத்த கையோடு சூப்பர்வைசர் தேவராஜ் அண்ணன் எல்லார் முன்னாலும் சொல்லியும் விட்டார், "நந்து, ஒரு லாட்டு இருநூறு பீஸு. மூணுக்கு மேல போச்சுன்னா மறுபடியும் டிரில்லிங்தான் பாத்துக்க." மூணுக்கு மேல. இப்போதே மூணு. இன்னும் டிரேயில் பாதி இருக்கிறது.

கை இங்கே இருக்கிறது, மனசு அங்கே இருக்கிறது, அப்புறம் துளை பெருக்காமல் என்ன செய்யும். இப்படி நினைத்ததும் அம்சவேணிக்கு அந்த நினைப்பு சுளீரென்று இனித்தது, பல்லில் சொத்தை இருக்கிற பக்கம் வெல்லத்தைக் கடித்த மாதிரி. அங்கே என்றால் கண்ணாடி ரூம். ஹாலின் கோடியில், நாலு பக்கமும் கண்ணாடி, உள்ளே ஏசி, உள்ளே போக வேண்டுமென்றால் செருப்பைக் கழற்ற வேண்டும், கோயிலா என்ன. அதற்குள் ஒரு கருங்கல் மேசை, மேசை மேல் அளக்கிற மிஷின், மிஷினிலிருந்து தொங்குகிற ஊசியின் நுனியில் கடுகளவு சிவப்புக் கல். அது மாணிக்கமாம். ஞாயிற்றுக்கிழமை சோற்றைப் பிசைந்துகொண்டே அவர் சொன்னார், "நெசமான மாணிக்கம் அம்மிணி, பீஸத் தொட்டும் தொடாம தொடும், அந்தப் புள்ள கை வெச்சா மைக்ரான் பேசுது." அம்சவேணியின் மூக்குத்தியில் இருப்பது வெறும் கண்ணாடி, அது அவருக்கும் தெரியும், அவர்தான் வாங்கித் தந்தார். அங்கே அளக்கிறவளை ஊரெல்லாம் பிரிஸில்லா மேடம் என்கிறது, தேவராஜ் அண்ணனே மேடம் என்கிறார், இவருக்கு மட்டும் அந்தப் புள்ள. ஞாயிற்றுக்கிழமை மட்டும் மூன்று தடவை. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து டிப்ளமா முடித்துவிட்டு வந்து ஆறு மாதம் ஆகவில்லை, வயசு இவளைவிட ஒன்றோ இரண்டோ குறைச்சல், வெள்ளைக் கோட்டு, பின்னல் போடாத முடி, கழுத்தில் ஒரு நூல்கூட இல்லை, அந்தக் கழுத்துதான் முதலில் கண்ணில் படுகிறது. நாற்பது பீஸுக்கு ஒரு தடவை மிஷினிலிருந்து ஒன்றை எடுத்துக்கொண்டு அவர் உள்ளே போவார். போனவுடனே அளக்க மாட்டார்கள். ஊறணும் என்பார்கள். அரிசியா உளுந்தா ஊறுவதற்கு என்று வேலைக்குச் சேர்ந்த புதிதில் அம்சவேணி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்திருக்கிறாள். ஆனால் இந்தக் கம்பெனியில் அப்படித்தான் சொல்கிறார்கள், பீஸை அந்தக் கருங்கல் மேல் இருபது நிமிஷம் சும்மா வைக்க வேண்டும், ஊறணும், அப்புறம்தான் அளவு. சரி, ஊறட்டும். பீஸ்தானே ஊறணும்? ஆள் எதற்கு? பீஸை வைத்துவிட்டு வந்து மிஷினில் நிற்கலாமே, மற்ற ஆபரேட்டரெல்லாம் அப்படித்தானே வருகிறார்கள், கண்ணாடிக்கு உள்ளே கம்ப்யூட்டருக்குப் பின்னால் அந்த மூலையில் இவர் எதற்கு இருபது நிமிஷம் நிற்கிறார்? இங்கிருந்து பார்த்தால் முழங்கால் தெரிகிறது, முகம் தெரிவதில்லை. அந்தப் புள்ளையின் முகம் மட்டும் தெரிகிறது. அது சிரிக்கிறது, சிரிக்காமலும் இருக்கிறது. போய் எட்டிப் பார்க்கலாம். பார்த்து? என்ன வேணும் என்று கேட்டால்? அவளுக்கு யார் முன்னாலும் வாய் வராது, கேன்டீனில் இன்னொரு கரண்டி சாம்பார் கேட்க வேண்டுமே என்று வெறும் சோற்றைத் தின்றுவிட்டு எழுந்துவிடுவாள். இதோ, மறுபடி போகிறார். துணியில் கையைத் துடைத்துக்கொண்டு, தலைமுடியை ஒதுக்கிக்கொண்டு. முடியை எதற்கு ஒதுக்கணும்? பீஸுக்கு முடி தெரியுமா?

அவள் அடுத்த பீஸை எடுத்தாள், எடுத்தவள் அளக்கவில்லை, இடது கைக்குள் வைத்துப் பொத்திக்கொண்டு கண்ணாடியையே பார்த்தாள். மார்கழிக் குளிரில் எஃகு ஐஸ் மாதிரி இருந்தது. இரண்டு நிமிஷம். மூன்று. முழங்கால் அசையவில்லை. அந்தப் பெண் எழுந்து அந்த மூலைப் பக்கம் பார்த்து ஏதோ சொல்லாமல் சொன்ன மாதிரி இருந்தது, அப்புறம் வேறொரு ஆபரேட்டர் பீஸோடு உள்ளே நுழைந்ததும் விரலை உதட்டில் வைத்தாளா, மூக்கைத் தொட்டாளா? உதட்டில்தான் வைத்தாள். பக்கத்து மேசை ருக்கு அக்கா தட்டினாள். "என்னடி அம்சா, பீஸ அடைகாக்கற மாதிரி பொத்தி வெச்சிருக்கறே? குஞ்சு பொரிக்கப் போவுதா?" "சும்மாக்கா." "சும்மாவா? கண்ணாடிக்குள்ள என்ன சினிமாவா ஓடுது?" "நேரம் பாத்தேனுங்க்கா." "நேரம் செவுத்துல இருக்குது சாமி." ருக்கு அக்கா சிரித்த சிரிப்பில் அவளுக்கும் தெரியும் என்று இருந்தது, ஹாலுக்கே தெரியும், தனக்குத்தான் கடைசி. அவசரமாகக் கம்பியை விட்டாள். சிவப்பு போனது. நாலு. நாலு என்றால் டிரில்லிங். சிவப்பு டிரேயில் போட்டால் தேவராஜ் அண்ணன் வருவார், லாட்டையே திரும்ப அளக்கச் சொல்லுவார், எங்கே அளப்பது? கண்ணாடி ரூமில். யார் கொண்டுபோவது? இவர்தான். இருநூறு பீஸையும் ஊறப் போட்டு, இருநூறுக்கும் இவர் அந்த மூலையில் நின்றால்? முதல் மூன்றையும் அவள் இன்னும் சிவப்பு டிரேயில் போட்டிருக்கவில்லை, மடியில்தான் இருந்தன. நீல டிரேயில் போட்டுவிடலாமா? போடலாம், யாருக்குத் தெரியும், ஆனால் பஸ். உக்கடம் பஸ்ஸில் அவளே குழந்தை தன்ஷிகாவைத் தூக்கிக்கொண்டு முன் சீட்டில் உட்கார்ந்து போகிறாளே. நீலத்திலும் போட முடியாது, சிவப்பிலும் போட முடியாது. குனிந்து, முந்தானையைச் சரிசெய்வது போல் இழுத்துக்கொண்டு, பர்ஸ் வைக்கிற இடத்தில், ஜாக்கெட்டுக்குள், நாலையும் ஒவ்வொன்றாகச் செருகிக்கொண்டாள். மத்தியானம் கழிவு எஃகுச் சுருள் போடுகிற டிரம்மில் போட்டுவிடலாம். அங்கே மார்பு கொதித்துக்கொண்டிருந்தது. தன்ஷிகாவுக்குப் பால் மறக்கடித்து மூன்று நாள், ஒன்றரை வயசாகிவிட்டது, இனியும் எதற்கு என்று நாத்தனார்தான் வேப்பிலையை அரைத்துக் கையில் கொடுத்தாள். தடவிக்கொண்ட முதல் நாள் குழந்தை வாயை வைத்து, எடுத்து, அவள் முகத்தைப் பார்த்தது. அந்தப் பார்வை. அதற்கப்புறம் அது அவளிடம் வரவில்லை, அப்பாவிடம் போய்விட்டது, அழுதாலும் அப்பா தோள், தூங்கினாலும் அப்பா தோள், இவள் கையை நீட்டினால் தலையை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்கிறது. இவளோ பால் கட்டி, காய்ச்சல் அடித்து, மாத்திரையைப் போட்டுக்கொண்டு விடியும்வரை கட்டையாகக் கிடக்கிறாள். பெற்றவளிடம் வராத பிள்ளையும் அவருக்கு, மாணிக்கக்கல்லும் அவருக்கு, எல்லாம் ஒருத்தருக்கே வேண்டுமா? குளிர்ந்த எஃகு கட்டின இடத்தில் பட்டதும் முதலில் சுகமாக இருந்தது, யாரோ ஒத்தடம் கொடுக்கிற மாதிரி. கொஞ்ச நேரத்தில் அதுவும் சூடாகி அவளோடு ஒன்றாகிவிட்டது. மனசு கேட்காமல் ஒன்றை எடுத்து மறுபடி அளந்தாள். முன்னைவிட லூஸாகப் போனது. அடிப்பாவி, முன்னைவிட! அவர் கண்ணாடிக்குள்ளிருந்து வெளியே வந்தார், கண்ணைக் கசக்கிக்கொண்டு, முகமெல்லாம் தெளிந்து, கல்யாணத்துக்குப் போய்விட்டு வந்தவர் மாதிரி. அதைப் பார்த்துக்கொண்டே ஐந்தாவதையும் பொத்திவிட்டாள். ஐந்தாவதிலும் சிவப்பு போனது, அதையும் உள்ளே செருகிக்கொண்டாள்.

பன்னிரண்டரைக்கு தேவராஜ் அண்ணன் லாட்டை முடிக்க வந்தார். நீல டிரேக்களை எண்ணினார், காலியாய் இருந்த சிவப்பு டிரேயைப் பார்த்தார், மறுபடி எண்ணினார். "நூத்தித் தொண்ணூத்தஞ்சு. நந்து, அஞ்சு பீஸ் எங்கடா?" "இருநூறு குடுத்தனுங்க்ணா." "குடுத்தா றெக்க மொளச்சா போச்சு? தேடு. பீஸு இல்லாம லாட்ட நா மூட மாட்டேன். தெரிஞ்சே ஒளிச்சிருந்தா டிரில்லிங்கெல்லாம் இல்ல, நேரா கேட்டுக்கு வெளியதான்." ஒளிச்சிருந்தா என்றதும் அம்சவேணிக்கு நெஞ்சுக்குள் அந்த ஐந்தும் ஒன்றோடொன்று இடித்துச் சத்தம் போட்ட மாதிரி இருந்தது, சத்தம் வரவில்லை, அவளுக்குத்தான் கேட்டது. நந்தகோபால் செல்போன் டார்ச்சைப் போட்டுக்கொண்டு மிஷினுக்கு அடியில் மண்டி போட்டார். கூலன்ட் தண்ணி தேங்கின தரை, முழங்கால் நனைந்தது, கையை நீட்டித் துழாவினார், சுருள்தான் வந்தது, விரலில் ரத்தம் வந்தது, துடைத்துக்கொண்டு மறுபடி துழாவினார். தேடட்டும் என்று ஒரு மனசு. எழுந்து சொல்லடி என்று இன்னொரு மனசு, ஆனால் எப்படிச் சொல்வது, எங்கேயிருந்து எடுப்பது, இத்தனை ஆம்பிளைகள் முன்னால், தேவராஜ் அண்ணன் முன்னால், பூமி இங்கே பிளக்காது, சிமென்டுத் தரை. அவர் பிழைப்புப் போகிறது, கண் முன்னால் போகிறது, அப்படியும் கால் எழவில்லை. அப்போது கண்ணாடிக் கதவு திறந்தது. அந்தப் பெண் செருப்பைக்கூட மாட்டாமல் சாக்ஸோடு நடந்து வந்தது. "என்னண்ணே, என்ன தொலைஞ்சிட்டு?" என்று கேட்டது. வெள்ளைக் கோட்டை மடித்துக்கொண்டு அந்த அழுக்குத் தண்ணியில் அவர் பக்கத்தில் அதுவும் மண்டி போட்டது. ஒரே டார்ச் வெளிச்சத்தில் இரண்டு தலை. அந்தப் பின்னல் போடாத முடி சரிந்து அவர் தோள் மேல். "எங்கிட்ட இருக்குது!" ஹாலே திரும்பியது. தான்தான் கத்தினோம் என்பது அம்சவேணிக்கு எல்லாரும் திரும்பின பிறகுதான் தெரிந்தது. சுவர்ப் பக்கம் திரும்பி, தலையைக் குனிந்து, ஒவ்வொன்றாக எடுத்தாள், ஐந்து எடுக்க ஐந்து வருஷம் ஆனது. "அடியே, அங்க எதுக்குடி கொண்டுபோய் வெச்சே?" என்று ருக்கு அக்கா தன் முந்தானையை விரித்து மறைத்துக்கொண்டாள். நந்தகோபால் எழுந்து நின்றார். "என்னம்மிணி இது?" அவ்வளவுதான் கேட்டார். திட்டியிருந்தால் தேவலை. "செவப்பு போகுதுங்க. அஞ்சுலயும்." யாரைப் பார்த்துச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியாது. தேவராஜ் அண்ணன் வாயைத் திறந்தார். அதற்குள் அந்தப் பெண் வந்து அவள் உள்ளங்கையிலிருந்து ஒரு பீஸை எடுத்தது, எடுத்ததும் புருவத்தைத் தூக்கியது. "சார், ஒரு இருபது நிமிஷம். ஊறப் போட்டுப் பாத்துட்டுச் சொல்லுதேன். அக்கா, நீங்களும் வாங்க."

செருப்பைக் கழற்றினாள். உள்ளே குளிர் முதலில் காலைப் பிடித்தது, அப்புறம் முகத்தை, அப்புறம் கொதிக்கிற இடத்தை. ஹாலின் இரைச்சல் கதவோடு நின்றுவிட்டது, இப்படி ஒரு அமைதி இந்தக் கம்பெனிக்குள் இருக்கிறது என்று மூன்று வருஷமாக அவளுக்கு யாரும் சொல்லவில்லை. பிரிஸில்லா ஐந்து பீஸையும் துணியால் பிடித்து வரிசையாகக் கருங்கல் மேல் வைத்தாள், கடிகாரத்தைப் பார்த்தாள், கம்ப்யூட்டரில் எதையோ தட்டினாள். கேள்வி கேட்கவில்லை. கேட்டிருந்தால் பதில் சொல்லாமல் இருக்கலாம், கேட்காதவளை என்ன செய்வது? அம்சவேணி நின்றாள். எங்கே நிற்பது என்று தெரியாமல் நகர்ந்து நகர்ந்து கடைசியில் பார்த்தால் அந்த மூலையில்தான் நிற்கிறாள், கம்ப்யூட்டருக்குப் பின்னால், சுவரில் அவர் சட்டை உரசி உரசி ஒரு எண்ணெய்க் கறை, அவர் உயரத்துக்கு. இத்தனை கறை பட எத்தனை தடவை சாய்ந்திருக்க வேண்டும். தொட்டுப் பார்த்தாள். பிரிஸில்லா கையில் பளபளப்பான பேனா, அதன் மூடியைப் பல்லால் கடிக்கிறாள், டிப்ளமா படித்தவளும் கடிப்பாளா? மேசை மேல் ஒரு சின்ன டப்பாவில் ஊறுகாய். வீட்டை விட்டு ஏழு மணி நேரம் பஸ்ஸில் வந்து ஹாஸ்டல் சோற்றைத் தின்கிற பெண். பாவம் என்று வந்தது, வந்த பாவத்தை உடனே துரத்தினாள். எட்டாவதில் கணக்கு டீச்சர் அம்சவேணியைத்தான் போர்டில் போடச் சொல்லுவாள். போர்டு வரை போகவே கூச்சப்பட்டு, தெரிந்த கணக்கைத் தெரியாது என்று சொல்லி உட்கார்ந்தவள் இவள். போயிருந்தால் இந்தக் குளிர் யாருக்கு? இந்த நாற்காலி யாருக்கு? இருபது நிமிஷம் முடிந்தது. பிரிஸில்லா கம்பியை எடுத்தாள். பச்சை போனது. திருப்பினாள். சிவப்பு வாயிலேயே நின்றது. அடுத்தது, நின்றது. ஐந்தும் நின்றன. அம்சவேணி தன் விரலாலேயே தள்ளிப் பார்த்தாள், கல் மாதிரி நின்றது. "எஃகு சூடு பட்டா வளரும்க்கா. கைக்குள்ள ரெண்டு நிமிஷம் பொத்தி வச்சாலே போதும், துளை பெருத்துரும். சூடு எறங்குனா பழைய அளவுக்கு வந்துரும், அதுக்குத்தான் ஊறப் போடுதது. பீஸு எல்லாம் நல்ல பீஸு. அண்ணன் கை சுத்தம்." எடு, பார், வை, கையில் வைத்திருக்காதே என்று முதல் நாளே சொன்னார்கள், வேலை வேகமாக நடப்பதற்காகச் சொல்கிறார்கள் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். முதல் மூன்றையும் அப்படித்தான், கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே பொத்தி வைத்திருந்தாள். ஏன் என்று அவளும் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை.

"நோட்டுல எழுதணும்க்கா. ஏன் தப்பா காட்டிச்சுன்னு. அளந்தவங்கதான் எழுதணும்." காரணம் என்று போட்டிருந்த கட்டத்தில் அம்சவேணி பேனாவை வைத்தாள். கையெழுத்துப் போடுவதைத் தவிர எதையும் எழுதி வருஷக்கணக்காகிறது. மிஷின் சரியில்லை என்று எழுதலாம், பீஸ் சூடாக வந்தது என்று எழுதலாம், அவர் தலையில் பாதியைக் கட்டலாம். கண்ணாடிக்கு அப்பால் நந்தகோபால் மிஷினில் சாய்ந்து, ரத்தம் வந்த விரலை வாயில் வைத்துக்கொண்டு, இந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் எழுதினாள்: என் சூடு. ஒவ்வொரு எழுத்தும் ஒவ்வொரு பக்கம் சாய்ந்தது. பிரிஸில்லா படித்தாள், சிரிக்கவில்லை. 'என்' பக்கத்தில் 'கை' என்று தானே ஒரு எழுத்தைச் சேர்த்தாள், தேவராஜ் அண்ணன் சிரிக்காமல் இருப்பதற்காக. அப்புறம் அவள் கையைத் தொட்டுப் பார்த்தாள். "ஆமாக்கா, கொதிக்குது. காய்ச்சலா?" "பால் மறக்கடிச்சிருக்கறனுங்க." "அதான் அண்ணன் இப்படி இருக்காரா! பாப்பா தூங்கவே விடமாட்டேங்குதுன்னாரு. இங்க வந்து பீஸ வச்சார்னா அந்தச் சுவத்துல சாஞ்சு நின்னுக்கிட்டே தூங்கிருவாருக்கா. நான் எழுப்புறதில்ல. யாராச்சும் வந்தா சத்தம் போடாதீங்கன்னு சைகை காட்டிருவேன். பாவம்லா." நின்றுகொண்டே தூக்கம். அவ்வளவுதானா? மூன்று நாளாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது சட்டென்று எடையில்லாமல் போனது, சிரிப்புக்கூட வந்தது, தோளில் பிள்ளையைப் போட்டுக்கொண்டு வீடெல்லாம் நடக்கிற மனுஷன் தூங்க இடம் தேடி இங்கே வந்து நிற்கிறார், இதற்கா நான். பிரிஸில்லாவும் சிரித்தாள். "தூங்கும்போது கீழ் உதடு லேசா துடிக்கும் பாத்தீங்களாக்கா, சின்னப் பிள்ள மாதிரி?" தன்ஷிகாவுக்குத் துடிக்கும். பால் குடித்தபடி தூங்கிப்போனால் கீழ் உதடு மட்டும் துடிக்கும், அது எங்கள் அம்மா வழி என்று அம்சவேணி ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள். அவருக்குத் துடிக்குமா? மூன்று வருஷத்தில் அவர் தூங்கி அவள் விழித்திருந்து பார்த்த நேரம் எது? முன்னால் தூங்கிப்போகிறவள் அவள், அவள் எழும்போது அவர் பல் விளக்கிக்கொண்டிருப்பார். இந்தப் பெண் பார்த்திருக்கிறது, தினம், இருபது இருபது நிமிஷமாக, பகல் வெளிச்சத்தில், ஆளைக் கண்ணுக்கு முன்னால் நிறுத்தி வைத்துப் பார்த்திருக்கிறது.

"தெரியுமே," என்றாள் அம்சவேணி. "கல்யாணமான நாள்ல இருந்தே அப்பிடித்தானுங்க."